முளைச்சாச்சா?

மழை விட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை. தோட்டத்துக் களிமண் தொட்டால் விடாமல் ஒட்டியது. ரப்பர் பூட்ஸ் இரண்டுக்கும் மழை விடும்வரை பொறுக்க முடிந்ததே பெரிது. பையைக் கவிழ்த்து, புல் விதைகளைத் தரையெங்கும் தூவிவிட்டன.

"கொஞ்சம் காயவிட்டுத் தூவியிருக்கலாம்," என்றது மண். "சரி, இனிமேலாவது என்னை மிதிக்காதீங்க."

"வந்து பார்க்காம எப்படி இருக்கிறது? நம்ம புல்லாச்சே!" என்று குதித்தது வலது பூட்ஸ்.

விடிந்ததும் இரண்டும் ஓடி வந்தன. "முளைச்சாச்சா? முளைச்சாச்சா?" என்று மூலை முடுக்கெல்லாம் சதக் சதக்கென்று நடந்து பார்த்தன. மத்தியானமும் வந்தன. சாயங்காலமும் வந்தன. மறுநாள், அடியில் அப்பிய களிமண் கனத்து, நகரவே முடியவில்லை. வாசற்படியோரம் சரிந்து விழுந்து, படுத்தபடியே தரையைக் கண்கொட்டாமல் பார்த்தன. தூறல் விழும்போதெல்லாம், "இதோ, இப்ப வந்துடும் பாரேன்!" என்று கூவின.

ஒரு வாரமாயிற்று. தரை மொட்டையாகவே கிடந்தது.

"ஏமாத்திட்டியே மண்ணு!" என்று கத்தியது இடது பூட்ஸ். "எவ்வளவு அக்கறையா பார்த்துக்கிட்டோம்!"

அப்போது ஓர் ஆட்டுக்குட்டி துள்ளிக்கொண்டு வந்தது. தரையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய், பூட்ஸ்களின் அடியில் அப்பியிருந்த களிமண்ணில் முகத்தைப் புதைத்து, கறுக் கறுக்கென்று மேயத் தொடங்கியது.

"ஏய், சும்மா இரு, கூசுது!" என்றது வலது பூட்ஸ். "நாங்களே புல் முளைக்கலைன்னு கவலையில கிடக்கிறோம்."