பாலம்மாள் வீட்டுப் பானை

"இதைக் கோழிக்குப் போட்டாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கிடும்!"

ஆவுடைத்தாய் அரிசி கொட்டியிருந்த சுளகைத் தள்ளி வைத்தாள்.

தென்காசியில் அந்தத் தெருவின் மாதர் சங்கத்துக்கு அன்று பங்கீட்டுக் கூட்டம். 1936ஆம் வருஷம். தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சங்கம் கொடுத்த பானையில் போட வேண்டும். மாதம் ஒருமுறை அதைத் திரட்டி, அடுப்பு எரியாத வீடுகளுக்குக் கொடுப்பார்கள். யாருக்குக் கொடுப்பது என்று பார்த்து முடிவு செய்கிற வேலையை ஆவுடைத்தாய் தானாக முன்வந்து ஏற்றுக்கொண்டிருந்தாள். அரிசி மில்காரர் பெண்சாதி. ஒரு மணியைப் பார்த்தே ரகத்தைச் சொல்லிவிடுவாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

"யார் வீட்டு அரிசி?" என்று கேட்டாள் சங்கத் தலைவி உலகம்மாள்.

"பாலம்மாள் வீட்டுது. பாருங்க மதினி. சம்பா, கார், பச்சரிசி, குருணை, எல்லாம் கலந்து கெடக்கு. கடையில கூட்டி அள்ளுனதை வாங்கிப் போடுதா. தர்மத்துக்குத்தானே, குப்பை போதும்னு நெனப்பு."

"புருஷன் போயி ரெண்டு வருஷமாச்சு. கஷ்டமோ என்னமோ. இந்த மாசம் அவளுக்கே ஒரு பங்கு கொடுத்தா என்ன?"

"பானை வச்சிருக்க வீட்டுக்குப் பங்கு கிடையாதுன்னு நாமதானே எழுதி வச்சோம்? கஷ்டம்னா பானையைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்து வாங்கட்டும். குப்பையைப் போட்டுக்கிட்டு, கொடுக்கவ வரிசையில எதுக்கு உக்காரணும்?"

பானையைத் திருப்பி வாங்குவதென்று முடிவாயிற்று. பானை போன வீடு என்றால் அந்தத் தெருவில் அப்புறம் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஒரு காலத்தில் கோட்டை கோட்டையாக நெல் வந்து இறங்கிய வீடு பாலம்மாளுடையது.

சாயங்காலம் ஆவுடைத்தாயே நேரில் போனாள். கதவு பூட்டிக் கிடந்தது.

"குத்தாலத்துக்குப் போயிருக்கா," என்றாள் பக்கத்து வீட்டு மூக்கம்மாள். "சாரல் விழுந்ததுலேர்ந்து தெனமும் போயிருதா. அருவியில குளிச்சாத்தான் ஒடம்பு கேக்குதாம்."

"ஓகோ! குளியலுக்குக் குறைச்சல் இல்ல. தர்மம்னாத்தான் கை வரமாட்டேங்குது!"

மறுநாள் ஆடி அமாவாசை. ஆவுடைத்தாய் வில்வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போனாள். மாமியார் பேரைச் சொல்லித் தானம் கொடுக்க, மில்லில் பார்த்துப் பார்த்து எடுத்த சீரகச் சம்பாவை ஓலைப்பெட்டி நிறையக் கொண்டுபோயிருந்தாள். அருவியில் முழுகிவிட்டு, கோயில் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு பிடி போட்டுக்கொண்டே வந்தாள்.

கடைசியில் முக்காடு போட்ட ஒருத்தி முந்தானையை ஏந்தினாள். அதில் ஏற்கெனவே கொஞ்சம் அரிசி கிடந்தது. பத்துப் பேர் போட்டது, பத்து விதமாக இருந்தது.

ஆவுடைத்தாயின் கை அப்படியே நின்றது. முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

பாலம்மாளும் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். எழுந்து ஓடவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை அவளுக்கு.

ஆவுடைத்தாய்க்கு நேற்றுப் பேசிய பேச்சையெல்லாம் நினைக்க நினைக்க உடம்பு கூசியது. பெட்டியில் மிச்சமிருந்த அரிசி முழுவதையும் அந்த முந்தானையில் ஒரு ஓரமாகக் கவிழ்த்தாள்.

பாலம்மாள் அவசர அவசரமாக, அது மற்ற அரிசியோடு கலந்துவிடாதபடி ஒதுக்கித் தனி முடிச்சாகக் கட்டினாள்.

"நல்ல அரிசி மதினி," என்றாள் மெதுவாக. "இதை நம்ம சங்கத்துப் பானைக்கு வச்சிருதேன்."