மதிலுக்கு வெளியே நாயனம்

"இனி அவனைக் கோயில் எல்லைக்குள்ள கண்டால், கை விரலை முறிச்சு அனுப்புங்கோ."

தர்மகர்த்தா பாலசிங்கம் இப்படிச் சொன்னபோது, பரமநாதன் ஜுனைதீனின் மாட்டுவண்டியில், நெல்மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தான். நாயனக்காரனுக்கு விரல் போனால் சீவியம் போச்சு. அது அவனுக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும்.

குற்றம் லேசானதல்ல. வித்துவான் நடராசா என்றால் யாழ்ப்பாணத்துக் கோயில்கள் ஒரு வருசத்துக்கு முன்னமே சொல்லி வைத்து அழைக்கிற ஆள். கடல் தாண்டித் தஞ்சாவூர்ப் பக்கம் வாசித்து, பொன்னாடையும் பதக்கமுமாகத் திரும்பியவர். அவருக்குப் பக்கத்தில் நின்று இரண்டாம் நாயனம் வாசிக்கிறவன் இந்தப் பரமநாதன். ஆறு மாதமாக எந்தத் திருவிழாவிலும் ஓர் இடத்தில் அபசுரம் விழும். வித்துவான் திரும்பி முறைப்பார். இவன் தலையைக் குனிவான்.

இன்றைக்கோ பந்தலில் மாகாணத்தை ஆளும் வெள்ளைக்கார ஏசண்டர் துரையே கதிரை போட்டு இருக்கிறார். பாலசிங்கம் விடுவாரா? காலையிலேயே இவனைப் பிடித்து வெளியே தள்ளி, வாசலில் பொல்லுத்தடியோடு இரண்டு பேரைக் காவலுக்கும் நிறுத்திவிட்டார்.

ஜுனைதீன் மன்னார்ப் பக்கத்து ஓலைத்தொடுவாய்க் கருவாட்டு வியாபாரி. கருவாட்டைக் கொடுத்து நெல் ஏற்றிக்கொண்டு திரும்புகிறவர். இவனை மன்னார்த் துறையில் கொண்டுபோய் விடும்படி அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். வாய் சும்மா இருக்காத மனுசன். வண்டி நகர்ந்ததுமே ஏசத் தொடங்கிவிட்டார். புழுத்த கருவாட்டை ஒருநாள் விற்றாலே அந்த ஊருக்குள் மறுபடி கால் வைக்க முடியாது, நீ ஆறு மாதம் விற்றிருக்கிறாய் என்றார்.

"உன்னைத் தள்ளினபோது உன்ர வித்துவான் வாய் திறந்தவரோ? நான் பாத்தனான். நாயனத்துச் சீவாளியைத் துடைச்சுக்கொண்டு நிண்டவர். அவருக்கே நீ வேண்டாம் தம்பி."

பரமநாதன் மூட்டைகளுக்கு மேலே தலையை உயர்த்தினான். வண்டிப்பாதை கோயிலின் பின்மதிலை ஒட்டிப் போனது. அவன் காது முழுக்க மதிலுக்கு அந்தப் பக்கம்.

உள்ளே தவில் முழங்கியது. சுவாமி புறப்பட்டுவிட்டது. மல்லாரி தொடங்கிற்று, ஒற்றை நாயனம்.

மல்லாரியை மூன்று காலத்தில் வாசிப்பது முறை. முதலில் நிதானம். பிறகு அதே சுரங்கள் இரட்டை வேகத்தில். பிறகு அதற்கும் இரட்டை.

முதலாங்காலம் தேனாக ஒழுகியது. ஜுனைதீன்கூட ஏச்சை நிறுத்தித் தலையை ஆட்டினார்.

"ஜுனைதீன் நானா, வண்டியை நிப்பாட்டுங்கோ."

"விசரோ உனக்கு? விரல் பத்தும் உடம்பில இருக்கிறது பிடிக்கேல்லையோ?"

இரண்டாங்காலம். பரமநாதன் வண்டியிலிருந்து குதித்தான். துணிப்பையிலிருந்து நாயனத்தை உருவிச் சீவாளியைச் செருகினான்.

"என்னடா செய்யப் போறாய்?"

உள்ளே மூன்றாங்காலம் பாய்ந்தது. பரமநாதன் மதிலோடு ஒட்டி நின்று, மூச்சு முட்ட ஊதினான். வேறெங்கோ இழுத்துக்கொண்டு ஓடுகிற, காது கூசுகிற சுரங்கள். பின்வீதி முழுக்க அதிர்ந்தது.

தவில் ஒரு கணம் தடுமாறிப் பிறகு பிடித்துக்கொண்டது. உள்ளே கூச்சல். அந்தப் பாவி இன்னும் போகவில்லை, பின்மதிலில் நிற்கிறான் என்று பாலசிங்கத்தின் குரல் கேட்டது.

ஜுனைதீன் கோபத்தில் சாட்டையை ஓங்கிவிட்டார். மானம் கெட்டவனே, போகிற போக்கிலும் அந்த மனுசன் தலையில் மண் போடுகிறாயே என்று கத்தினார்.

மதில் மூலையில் பொல்லோடு இரண்டு பேர் திரும்பினார்கள். பாதையில் வேறு ஆள் இல்லை.

"ஏறடா வண்டியில. கொல்லப் போறாங்கள். அவரோட உனக்கு அப்பிடி என்ன பகை?"

பரமநாதன் ஏறவில்லை. நாயனத்தை மெதுவாக நெல்மூட்டைமேல் கிடத்தினான். விரல்களைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு, ஓடி வருகிறவர்களையே பார்த்தான்.

"பகையில்லை நானா. நடராசா அண்ணைக்கு ரெண்டு விரல் மரத்துப்போய் ஆறு மாசம். மூண்டாங்காலத்தில வழுக்கும். இண்டைக்கும் வழுக்கினது. ஆனால் பாருங்கோ, அவையள் ஓடி வாறது என்னட்டைத்தானே."