மூன்றாம் வரியில் ஒரு மூச்சு

சிவப்பு விளக்கு எரிகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகழ்பெற்ற பாடகி ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள். அதில் ஒலிப்பது, அவள் கேட்டுப் பாடுவதற்காக ட்ராக் பாடிக்கொடுத்தவளின் குரல். ட்ராக் பாடியவள் இந்தப் பக்கம் நாற்காலி நுனியில் இருக்கிறாள். மூன்றாம் வரியில், ஒரு சொல்லின் நடுவே, தவறிப்போய் மூச்சு வாங்கியிருக்கிறாள். இசையமைப்பாளர் கவனித்தால் இனி கூப்பிடமாட்டார். கையிலிருக்கும் காகிதக் கோப்பை மெல்ல நசுங்குகிறது. மூன்றாம் வரி வருகிறது. பாடகி அதே சொல்லை அதே இடத்தில் உடைத்து மூச்சு வாங்குகிறாள். இசையமைப்பாளர் நிமிர்ந்து, கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பாடகியிடம் மைக்கில் சொல்கிறார். "அந்த மூச்சு இருக்கே, அதாம்மா பாட்டே. இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" ஒலிப்பதிவாளர் மட்டும் ட்ராக் பாடியவளைத் திரும்பிப் பார்க்கிறார். அது யாருடைய மூச்சு என்று அவருக்குத் தெரியும். விரல் விசையின்மேல் நிற்கிறது. "அக்கா, உங்க ட்ராக்கை அழிச்சிடட்டுமா?" இசையமைப்பாளர் திரும்புவதற்குள் அவள் சரியென்று தலையாட்டிவிடுகிறாள்.