முத்திரை விழுந்த இடம்

“வர” வரைக்கும் தெளிவாக இருந்தது. அதற்கு மேல் தபால் முத்திரை.

அப்பாவின் அக்கா எப்போதும் கார்டுதான் எழுதுவார். அத்தைக்குப் போன் பிடிக்காது. போனில் எதிரில் இருப்பவர்களும் பேசுவார்கள் என்பது அவருடைய குறை.

கார்டின் ஒரு பக்கம் முழுக்க முழங்கால் வலி. மறுபக்கத்தில் பாதி, அடுத்த வீட்டு நாய்க்கு வந்த காது வலி. விலாசத்தை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவிட்டு, மிச்சமிருந்த ஓரத்தில் எறும்பு ஊர்வது போல மேலே ஏறி, ஸ்டாம்புக்குப் பக்கத்தில் போய்த்தான் விஷயத்துக்கு வந்திருந்தார்.

“அடுத்த மாதம் உங்களோடு பத்து நாள் இருந்துவிட்டுப் போக வர”

பிறகு கறுப்பு வட்டம். ஒரு தடவை குத்தியது போதாதென்று இன்னொரு தடவை.

“வருகிறேன்,” என்று அப்பா முடித்து வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. அவரை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா.

அம்மா கார்டைப் பிடுங்கினாள். “வருகிறேன்னா ‘ரு’ இருக்கணும். இங்க வெறும் ‘ர’தான் இருக்கு. வர முடியாதுன்னு எழுதியிருக்காங்க.”

இப்போது அம்மாவின் முகம் மலர்ந்தது.

போன முறை வந்தபோது அத்தை சமையலறை டப்பாக்களை எல்லாம் உயர வரிசையில் அடுக்கி வைத்துவிட்டுப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உப்பு எங்கே என்பதுதான் தெரியவில்லை. அம்மா தன் சமையலறையில் தானே விருந்தாளி மாதிரி நின்று, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து நக்கிப் பார்த்தாள்.

“வர இருக்கிறேன்னு கூட இருக்கலாமே,” அப்பா விடவில்லை.

“உங்க அக்கா என்ன மேடையிலயா பேசறாங்க, வர இருக்கிறேன்னு?”

தபால்காரர் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பாதியில் விட்டுப் போக மனம் வரவில்லை போல. “வரப் போகிறேன்னும் இருக்கலாம்,” என்றார்.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். “நீங்கதான் வழியிலயே படிச்சிருப்பீங்களே. என்ன போட்டிருந்துச்சு?”

“என் கைக்கு வரும்போதே முத்திரையோடதாம்மா வருது,” என்றார் அவர், உண்மையான வருத்தத்துடன். “எனக்கும் இதுவரைக்கும்தான் தெரியும்.”

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கார்டின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். அம்மா விளக்கைப் போட்டாள். முத்திரை இன்னும் நன்றாகத் தெரிந்தது.

கார்டு ஒரு சுற்று சுற்றிக் கடைசியில் என் கைக்கு வந்தது.

அத்தை பேனாவால் எழுத மாட்டார், உழுவார். ஜன்னல் பக்கம் போய்க் கார்டைச் சாய்த்துப் பிடித்தேன். முத்திரையின் மை மேலாகப் படிந்திருந்தது. அதற்கு அடியில் பள்ளம் பள்ளமாக எழுத்துகள் மினுங்கின.

ஒரு ‘ட்’. அடுத்து ‘டு’. அடுத்து ‘மா’.

“வரட்டுமா,” என்றேன்.

“எங்க போறே இந்நேரத்துக்கு? பேசாம இரு,” என்றார் அப்பா.

“நான் போகலைப்பா. அத்தைதான் எழுதியிருக்காங்க, வரட்டுமான்னு. பக்கத்துல கேள்விக்குறி.”

அப்பா மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அத்தை யாரையும் எதையும் கேட்டதாக எங்கள் குடும்பத்தில் எவருக்கும் நினைவில்லை. வருவார். பெட்டியை வைப்பார். முந்தானையைச் செருகிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போவார்.

“சரி, எங்கிட்ட எதுக்குக் கேக்கணும்? நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?” என்றார் அப்பா.

தபால்காரர் தொண்டையைச் செருமினார். “சார், தப்பா நினைக்காதீங்க. கார்டு உங்களுக்கு இல்ல. அம்மா பேருக்கு வந்திருக்கு.”

கார்டை நிமிர்த்திப் பார்த்தேன். முத்திரையையே முறைத்துக்கொண்டிருந்ததில் விலாசத்தை ஒருவரும் பார்க்கவில்லை. முதல் வரியில் அம்மாவின் பெயர். எழுத்துப் பிழை கூட இல்லை.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“வந்து நின்னா சண்டை போடலாம்,” என்றாள் ஆத்திரமாக. “இப்படிக் கேட்டா நான் என்னதான் பண்றது?”

அம்மாவே எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு புதுக் கார்டும் பேனாவும் எடுத்து வந்தாள். தபால்காரர் கேட்காமலே படியில் உட்கார்ந்தார்.

கார்டின் மேல் ஓரத்தை இடது கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு அம்மா எழுதினாள். அப்பா எதிர்ப்பக்கம் நின்றபடி, தலைகீழாகத் தெரிந்ததைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். டப்பாக்களைப் பற்றி நாலு வரி. உப்பைப் பற்றி மட்டும் மூன்று வரி. அடுப்பு யாருடையது என்பது பற்றி ஒரு நீண்ட வாக்கியம். வரிக்கு வரி அப்பாவின் முகம் இறங்கிக்கொண்டே போனது. கார்டின் அடிவரைக்கும் வந்து, கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

“கடைசியில என்னதான் சொல்லியிருக்கே?” என்றார் அப்பா.

அம்மா கார்டைத் தபால்காரரிடம் நீட்டினாள்.

“முத்திரை குத்தறவங்ககிட்ட சொல்லிடுங்க. கீழ எங்க வேணாலும் குத்தட்டும். மேல ‘வாங்க’ன்னு போட்டிருக்கேன் பாருங்க, அது மேல மட்டும் வேண்டாம்.”