தாமரைப் படி

மத்தியான வெயில் மருத மரங்களுக்குள்ளால் விழுந்து கனகராயன் ஆற்றில் நெளிகிறது. கரையோரத்து இடிந்த கோயில் தூண்களை அளந்து களைத்த தொல்பொருள் உத்தியோகத்தர் ஒருவர் முற்றத்தில் நின்று தண்ணீர் கேட்கிறார். ஜெகதீஸ்வரி குசினி வாசற்படியில் சேலையை விரித்து, அடைகாக்கும் கோழி மாதிரி இருக்கிறாள், எழும்பவில்லை. வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காதவளை ஊர் என்ன சொல்லும்? சொல்லட்டும். படியாய்க் கிடப்பது அந்தக் கோயிலின் தாமரைக் கல். புருசன் இளையதம்பி உருட்டி வந்தது. செதுக்குக்கல் கண்டால் அரசாங்கம் காணியைப் பறிக்கும் என்று சந்தையெல்லாம் கதை. “இஞ்சேரும், எழும்பித் தண்ணி குடுமன்,” என்கிறான் முற்றத்தில் நிற்கும் புருசன், கல்லை மறந்த மகராசன். “கால் விறைச்சுப்போச்சு. என்னைக் கடந்துபோய் நீங்களே எடுங்கோ.” உத்தியோகத்தரின் முகம் இளகுகிறது. “பாம்பு கீம்பு கடிச்சதோ தங்கச்சி? காலைக் காட்டுங்கோ,” என்று படியருகே குந்துகிறார். அவள் அந்தப் பக்கம் சேலையை இழுக்கிறாள். இந்தப் பக்கம் ஒரு கல்லிதழ் வெயிலுக்கு வருகிறது.