சத்தம் போன கார்

மெக்கானிக் வேக்குவம் அட்வான்ஸ் என்ற எஞ்சின் பாகத்தைப் புதிதாகப் பொருத்தி எஞ்சின் ஓட்டத்தைச் சீராக்கியதும், காண்ட்ராக்டரின் பழைய கார் உறுமுவதையும் உதறுவதையும் அடியோடு விட்டுவிட்டது.

இரண்டாம் நாளே காண்ட்ராக்டரின் மனைவி பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணே, அதைக் கழட்டிட்டுப் பழசையே மாட்டிடுங்க."

"ஏம்மா, ஓடுறதே தெரியாம ஓடுதே. உங்க தெருவே எனக்குக் கும்பிடு போடணும்."

"பழையபடி சத்தம் வரணும்ணே."

"தெருமுனையிலேயே ஊரைக் கூட்டுமே, அந்தச் சத்தமா?" மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது.

"அது கேட்டாத்தான் பிள்ளைங்கள அடுத்த வீட்டுக்கு அனுப்பிடுவேன். அவரு அடிக்கு நான் மட்டும் நிப்பேன். நேத்து அவரு வந்ததே தெரியலை. சின்னவளுக்குக் கை முறிஞ்சிடுச்சு."

மெக்கானிக் நிமிர்ந்தார்.

பட்டறை வாசலில் அந்தக் கார் நின்றிருந்தது. உள்ளே காண்ட்ராக்டர் இருவரையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.