ரெண்டு பேர் டென்ட்

கடையின் நடுவில் விரித்திருந்த பச்சை டென்ட்டிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காலுறைக்குள் பெருவிரல்கள் கோபமாக ஆடின.

"இது டென்ட்டா, தலையணை உறையா?" உள்ளேயிருந்து பல் டாக்டரின் குரல் வந்தது. "மனுஷன் படுக்கறதுக்குச் செஞ்சானா, பூனை படுக்கறதுக்குச் செஞ்சானா?"

"ரெண்டு பேர் டென்ட் சார் இது," என்றாள் விற்பனைப் பெண். "முதுகுல தூக்கிட்டு நடக்கறவங்க வாங்கிட்டுப் போவாங்க. உங்க உயரத்துக்குக் கொஞ்சம்..."

"என் உயரத்துல ஒரு குறையும் இல்லம்மா. குறை டென்ட்டுலதான்."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். டாக்டருக்கு உலகமே ஒரு சாண் குட்டை.

டாக்டரின் மனைவி டென்ட்டைச் சுற்றி வந்தாள். தையல்களை விரலால் நீவினாள், ஜிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். "நீளம் போதும்," என்றாள்.

"போதுமா? கண்ணு இருக்கா உனக்கு? முழங்கால் வரைக்கும் வெளியில கிடக்கு!" டாக்டர் தவழ்ந்து வெளியே வந்தார். "இவ எப்பவும் இப்படித்தாம்மா. பாதிதான் பார்ப்பா, முழுசாப் பேசுவா."

சொன்னவரின் தொழில் அப்படி. எதிராளி வாயைத் திறக்கவைத்து, பஞ்சை அடைத்துவிட்டு, அதன் பிறகு உலக அரசியல் பேசுவார். பதிலுக்கு "ஆ" என்ற ஒரே எழுத்துக்கு மேல் கேட்டுப் பழக்கமில்லை.

மனைவி அதே கிளினிக்கின் முன்மேசையில் டோக்கன் கொடுப்பவள். காலையில் அவள், "டென்ட் ஒண்ணு வாங்கணும், பழையபடி சாதாரணமா கேம்பிங்..." என்று ஆரம்பித்ததுமே இவர் கார் சாவியை எடுத்துவிட்டார். வாக்கியத்தின் மிச்சம் வீட்டிலேயே கிடந்தது.

பழையபடி என்றால், கல்யாணமான புதிதில் போனதுபோல. ஒரு துணிக் கூடாரம், நாலு முளை, ஒரு கயிறு. மழை வந்தால் மழை. அப்புறம் கிளினிக் வளர்ந்தது, கூடாரமும் கொழுத்தது. கட்டில் வந்தது, குளிர்பெட்டி வந்தது, டிவி வந்தது, எல்லாவற்றுக்கும் தீனி போட ஜெனரேட்டர் வந்தது.

போன தடவை ஆற்றங்கரையில் தங்கினார்கள். ஆறு பேசியது யாருக்கும் கேட்கவில்லை. ஜெனரேட்டர் சத்தமும், அதற்கு மேல் கத்திய டாக்டரின் குரலும்தான் கேட்டன. கூட வந்த டாக்டரின் தங்கை மறுநாளே பஸ் ஏறிவிட்டாள். மனைவிக்கு ஏற ஏது பஸ்? கூடாரத்துக்குப் பின்னால் போய் அழுதாள். இந்தத் தடவையும் கெட்டுப்போனால், இனி ஜென்மத்துக்கும் கூடாரம் வேண்டாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

"சாதாரண கேம்பிங்னா என்னன்னு தெரியுமாம்மா உனக்கு?" டாக்டர் விற்பனைப் பெண்ணுக்குப் பாடம் எடுத்தார். "ஆதிமனுஷன் மாதிரி வாழறது. எல்லாத்தையும் துறந்துடணும்." அதே மூச்சில் கடைக்கோடியில் மாளிகைபோல நின்ற டென்ட்டைக் காட்டினார். "அதுல ஒயர் விட ஓட்டை இருக்கா?"

இருந்தது. ஒரு துறவிக்கு அவசியமான மூன்று அறைகளும் இருந்தன.

மனைவி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பச்சை டென்ட்டைச் சுருட்டி, பையில் திணித்து, தோளில் மாட்டிக்கொண்டு கடைவாசல்வரை நடந்து திரும்பினாள். மூச்சு வாங்கவில்லை. முகம் கல்யாணப் புதிதுக்குப் போய்விட்டு வந்திருந்தது.

"இதையே குடுங்க. நாங்க ரெண்டு பேர்தான். தாராளமாப் போதும்."

"என்னத்த தாராளம்? ராத்திரி முழுக்க மடங்கிக் கிடந்தா காலையில நான் நிமிர வேண்டாமா?"

"இல்லீங்க, நாங்க இதுலயே..."

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பெரிசைப் பிரிச்சுக் காட்டும்மா."

"அதை வாங்கறதா இருந்தா பயணமே வேண்டாம்."

குரல் உயரவில்லை. வாக்கியம் சின்னதாக இருந்ததால் டாக்டருக்கு முழுதும் கேட்டுவிட்டது. அவர் மனைவியைப் பார்த்தார், விற்பனைப் பெண்ணைப் பார்த்தார். மீசையில் மண் ஒட்டாதபடி ஒரு வழி தேடினார்.

"சரி, சரி. பொம்பளை ஆசைப்பட்டுட்டா. நான் காலை வெளியில நீட்டிக்கறேன். நம்ம தியாகமெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது?"

விற்பனைப் பெண் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தாள். மனைவி தன் கார்டைத் தேய்த்துப் பையை வாங்கிக்கொண்டாள்.

கார்வரை டாக்டர் நிறுத்தவே இல்லை. வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு லீவு விட்டுவிடலாம். ஜெனரேட்டர் கூடாது, கொள்கைக்கு விரோதம். சின்னதாக ஒரு பேட்டரி மட்டும். முளை அடிப்பது எப்படி என்று அங்கே போனதும் அவளுக்குச் சொல்லித் தருவார். அவள் முளை அடிக்கும்போதெல்லாம் இவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் என்பது வேறு விஷயம்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க," என்றார் காரைக் கிளப்பிக்கொண்டே. "என் தங்கச்சி காதுல இதைப் போட்டுடாத. அவளும் வந்து தொத்திக்குவா."

மனைவி பையை மடியில் வைத்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"அவளும் நானும்தாங்க போறோம். உங்ககிட்ட 'நாங்க'ன்னுதானே சொன்னேன், 'நாம'ன்னா சொன்னேன்?"